கோட்பாட்டு இயற்பியல் படிப்பு: கரும்பலகைக்கும் கணக்குத்தாளுக்கும் இடையே

1923 ஜூலையில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர் ஒருவருக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. கணிதக் கேள்விகளுக்கும் கோட்பாட்டுக் கேள்விகளுக்கும் எளிதாகப் பதில் சொன்ன அவரிடம், சோதனை இயற்பியல் பேராசிரியர் வில்ஹெல்ம் வீன், ஒரு நுண்ணோக்கியின் பகுதிறனை, அதாவது நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனை, எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டார். பதில் வரவில்லை. மின்கல அடுக்கு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். அதற்கும் பதில் வரவில்லை. மாணவரைத் தேர்ச்சி பெறவிடக் கூடாது என்பது வீனின் நிலை. மாணவரின் வழிகாட்டியான அர்னால்ட் சோமர்ஃபெல்டுக்கோ, மிக உயர்ந்த மதிப்பீடு தர வேண்டும் என்ற எண்ணம். இருவரும் சமரசத்துக்கு வந்தபோது, தேறினால் போதும் என்ற அளவிலான மூன்றாம் தரத்துடன் அந்த மாணவருக்குப் பட்டம் கிடைத்தது. அவர் பெயர் வெர்னர் ஹைசன்பர்க். இரண்டே ஆண்டுகளில் அவர் குவாண்டம் இயக்கவியலுக்கு அடித்தளமிட்டார்.

மேதைகளைத் தேர்வுகளால் அளக்க முடியாது என்பதற்குச் சான்றாக இந்த நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற தம்முடைய நிச்சயமின்மைக் கோட்பாட்டை 1927இல் விளக்க, ஹைசன்பர்க், காமாக் கதிரால் எலக்ட்ரானைப் பார்க்கும் ஒரு கற்பனை நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டார். அந்த விளக்கத்தில் அவர் எங்கே சறுக்கினார் என்பதை நீல்ஸ் போர் சுட்டிக்காட்டினார்: நுண்ணோக்கியின் பகுதிறனும், கதிர் நுழையும் துளையின் அகலமும் கணக்கில் வந்தாக வேண்டும் என்பதுதான் அது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வீன் கேட்ட அதே கேள்வி. கோட்பாட்டு இயற்பியல் மாணவருக்கு ஆய்வகம் வேண்டியதில்லை, காகிதமும் பேனாவும் போதும் என்ற எண்ணத்தை இன்றும் முதலாண்டு வகுப்புகளில் பார்க்கலாம். அது தவறு என்று காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சோமர்ஃபெல்ட் 1906இல் மியூனிக்கில் கோட்பாட்டு இயற்பியல் பேராசிரியரானார். தமக்கு நோபல் பரிசு கிடைக்காவிட்டாலும், டெபை, ஹைசன்பர்க், பவுலி, பேத்தே என நோபல் பரிசு பெற்ற நால்வரை மாணவர்களாகப் பெற்றவர் அவர். இயக்கவியல், உருமாறும் பொருள்களின் இயக்கவியல், மின்னியக்கவியல், ஒளியியல், வெப்ப இயக்கவியலும் புள்ளியியல் இயக்கவியலும், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் என்ற ஆறு பாடங்களைச் சுழற்சி முறையில் நடத்தினார். அந்த விரிவுரைகள் பின்னர் ஆறு தொகுதிகளாக அச்சேறின. இன்று சென்னையிலோ மாஸ்கோவிலோ ஒருவர் முதுநிலை இயற்பியலில் படிக்கும் பாடங்களின் பட்டியலை இதன் அருகே வைத்துப் பார்த்தால், குவாண்டம் இயக்கவியல் சேர்ந்திருப்பதையும், உருமாறும் பொருள்களின் பாடம் பெரும்பாலும் பொறியியல் துறைகளுக்குப் போய்விட்டதையும் தவிர, அடிப்படைக் கட்டமைப்பு அதிகம் மாறவில்லை என்பது புலப்படும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலையில் கோட்பாட்டு இயற்பியல் என்று தனிப் பட்டம் கிடைப்பது அரிது. மாணவர் இயற்பியலில் சேர்கிறார். முதுநிலையின் இரண்டாம் ஆண்டிலோ ஆய்வுப் படிப்பின் தொடக்கத்திலோதான் கோட்பாட்டின் பக்கம் பிரிகிறார். ஆனால் மனத்தளவில் பலர் பள்ளியிலேயே பிரிந்துவிடுகிறார்கள். கருந்துளை, இழைக் கோட்பாடு, பேரண்டத்தின் தொடக்கம் ஆகியவை பற்றிய நூல்களும் காணொளிகளும் அவர்களை இந்தத் துறைக்கு அழைத்து வருகின்றன. வந்த பிறகு முதல் மூன்று ஆண்டுகளில் இவற்றில் எதையும் அவர்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. சாய்தளத்தில் உருளும் உருளையையும், மின்னேற்றம் பெற்ற கோளத்தையும், இரட்டைப் பிளவில் குறுக்கிடும் ஒளியையும்தான் பார்க்கிறார்கள். இந்த ஏமாற்றம் இயல்பானது. இதைக் கடக்காமல் துறைக்குள் நுழைய வழியும் இல்லை.

செவ்வியல் இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் என்ற நான்கும் இந்தப் படிப்பின் தூண்கள். இவற்றை மாணவர் குறைந்தது இருமுறை, இளநிலையில் ஒருமுறையும் முதுநிலையில் ஒருமுறையும், கற்கிறார். ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தால் மூன்றாம் முறையும் கற்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நேர விரயமாகத் தோன்றலாம். உண்மையில் ஒவ்வொரு முறையும் பாடத்தின் பெயர்தான் ஒன்று, உள்ளடக்கம் வேறு. பள்ளியில் ஊசலின் இயக்கத்தை விசைகளை வரைந்து, கயிற்றின் இழுவிசையைப் பிரித்துக் கண்டுபிடிக்கிறோம். முதுநிலையில் லக்ராஞ்சி முறைக்கு வரும்போது இழுவிசை என்ற ஒன்றே கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்து, ஒரே ஒரு கோணத்தை மாறியாக வைத்து, இரண்டு வரிகளில் அதே சமன்பாட்டை எட்டுகிறோம். அங்கிருந்து ஹாமில்ட்டன் முறைக்குப் போனால் இடமும் உந்தமும் சம உரிமையுள்ள மாறிகளாகிவிடுகின்றன. ஊசலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையில்லை என்பது உண்மைதான். தேவை எங்கே வருகிறது என்பதற்கு 1925ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் கேம்பிரிட்ஜில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அப்போது பால் டிராக் ஆய்வு மாணவர். ஹைசன்பர்க்கின் புதிய கட்டுரையில் இரண்டு அளவுகளைப் பெருக்கும் வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறது என்ற விந்தையான பண்பு இருந்தது. அதன் பொருள் என்ன என்று டிராக் யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சியின்போது, செவ்வியல் இயக்கவியலில் எப்போதோ படித்த புவாசோன் அடைப்புகள் என்ற கோவை இதைப் போன்றதாயிற்றே என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் கோவை சரியாக நினைவில் இல்லை. வீட்டிலிருந்த குறிப்புகளிலும் பாடநூல்களிலும் அது கிடைக்கவில்லை. நூலகங்கள் அன்று மூடியிருந்தன. இரவு முழுவதும் பொறுத்திருந்து திங்கட்கிழமை காலை நூலகம் திறந்ததும் போய்ப் பார்த்தார். எண்ணியது சரியாக இருந்தது: செவ்வியல் இயக்கவியலில் புவாசோன் அடைப்பு வகிக்கும் இடத்தைத்தான் குவாண்டம் இயக்கவியலில் அந்த வரிசை வேறுபாடு வகிக்கிறது. பழைய பாடத்தின் மேம்பட்ட வடிவம் புதிய பாடத்துக்கு வாசலாவது இப்படித்தான். ஹாமில்ட்டன் முறையைத் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்த மாணவருக்குக் குவாண்டம் இயக்கவியலின் விதிகள் வானத்திலிருந்து விழுந்த கட்டளைகளாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

நான்கு தூண்களும் தனித்தனியே நிற்பவை அல்ல என்பதற்குச் சீரிசை அலையியற்றியை எடுத்துக்கொள்ளலாம். சுருள்வில்லில் கட்டிய எடை மேலும் கீழும் ஆடுவது பதினோராம் வகுப்புப் பாடம். எந்த அமைப்பானாலும், அதன் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் நிலையிலிருந்து சற்றே விலக்கினால், திருப்பி இழுக்கும் விசை பொதுவாக விலகலுக்கு நேர் விகிதத்தில்தான் இருக்கும். அதனால் இந்தச் சிறு கணக்கு சுருள்வில்லோடு நிற்பதில்லை. மின்காந்தவியலில் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்றில் மின்னேற்றம் இதே சமன்பாட்டின்படி ஊசலாடுகிறது. குவாண்டம் இயக்கவியலில் அலையியற்றியின் ஆற்றல் நிலைகள் சமமான படிகளாகப் பிரிகின்றன. கீழ்ப்படியிலும் ஆற்றல் சுழியாவதில்லை, ஒரு படியின் பாதி அளவு எஞ்சியே இருக்கிறது. அந்தப் படிகளுடன் புள்ளியியல் இயக்கவியலுக்குள் நுழைந்தால், 1900இல் பிளாங்க் எழுதிய கரும்பொருள் கதிர்வீச்சுச் சமன்பாடு கிடைக்கிறது. திண்மங்களின் தன்வெப்பம் குளிரில் ஏன் குறைகிறது என்று 1907இல் ஐன்ஸ்டைன் விளக்கியதும் திண்மத்தின் ஒவ்வோர் அணுவையும் ஓர் அலையியற்றியாகக் கொண்டுதான். இன்னும் மேலே போய்க் குவாண்டம் புலக்கோட்பாட்டுக்கு வந்தால், ஒரு பெட்டிக்குள் இருக்கும் மின்காந்தப் புலத்தின் ஒவ்வோர் அதிர்வு வகையும் ஓர் அலையியற்றி. அது ஒரு படி ஏறினால் ஒரு ஃபோட்டான் தோன்றியதாகப் பொருள். துகள் என்றால் என்ன என்ற கேள்விக்கு இன்றைய இயற்பியல் தரும் விடை, பள்ளியில் ஆடிய அந்தச் சுருள்வில்லின் நான்காவது அவதாரத்திலிருந்துதான் வருகிறது. இந்தத் தொடர்ச்சியை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வோர் ஆசிரியர் ஒவ்வொரு துண்டை நடத்துகிறார்; கோப்பது மாணவர் பொறுப்பு.

கணிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேரியல் இயற்கணிதம், கலப்பெண் சார்புகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியே தொடர், வெக்டர் நுண்கணிதம், நிகழ்தகவு ஆகியவை அன்றாடக் கருவிகள். பொதுச் சார்பியலுக்கு வளைந்த வெளிகளின் வடிவியலும், துகள் இயற்பியலுக்குக் குலக் கோட்பாடும் கூடுதலாகத் தேவைப்படும். தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இளநிலை இயற்பியல் மாணவருக்குக் கணிதம் துணைப்பாடமாக முதலாண்டிலேயே வந்து போய்விடுகிறது. கணிதத் துறை ஆசிரியர் கணித மாணவருக்கு நடத்தும் பாணியில் அதை நடத்துகிறார். இயற்பியலில் அது எங்கே பயன்படும் என்பது அப்போது தெரிவதில்லை. பயன்படும் பருவம் வரும்போது மறந்துவிடுகிறது. மாக்ஸ்வெல் சமன்பாடுகளின் முன் தடுமாறும் மாணவர் பெரும்பாலும் மின்காந்தவியலில் தடுமாறுவதில்லை. ஒரு மூடிய பரப்பின் மீதான தொகையீட்டை உள்ளிருக்கும் பருமனின் மீதான தொகையீடாக மாற்றும் இடத்தில்தான் தடுமாறுகிறார். குவாண்டம் இயக்கவியல் புரியவில்லை என்பவர்களில் பாதிப் பேருக்கு அணிகளின் ஐகன் மதிப்புகளில் கைப்பழக்கம் இல்லை என்பதுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. தத்துவச் சிக்கல் இருப்பவர்கள் மிகச் சிலரே, அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். கோட்பாட்டு இயற்பியலைக் கற்பது என்றால் அதன் நிறுவல்களைத் தெரிந்துகொள்வது என்று நம் கல்லூரிகள் பொருள் கொள்கின்றன. ‘டெரிவேஷன்’ என்று மாணவர்கள் அழைக்கும் அந்தப் பக்கம் பக்கமான வருவித்தல்களே பத்து மதிப்பெண் கேள்விகளாக வருகின்றன. அவற்றில் இருபதை மனத்தில் ஏற்றியவர் முதல் வகுப்பில் தேறுகிறார். ஒரு எடுத்துக்காட்டு பார்க்கலாம். இரண்டு சுவர்களுக்கிடையே அடைபட்ட துகளின் ஆற்றல் நிலைகளை வருவிப்பது எல்லாப் பாடத்திட்டத்திலும் உண்டு. அதை மனப்பாடமாக எழுதத் தெரிந்த மாணவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: துகள் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இருக்கும்போது ஒரு சுவரைத் திடீரென நகர்த்திப் பெட்டியின் நீளத்தை இரட்டிப்பாக்கிவிட்டால், புதிய பெட்டியின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் துகளைக் காணும் வாய்ப்பு எவ்வளவு?

இதற்கு விடை சுமார் 36 விழுக்காடு. ஒரு தொகையீடு போட்டால் வந்துவிடும். ஆனால் அந்தத் தொகையீட்டை எழுதுவதற்கு முன், சுவர் திடீரென நகரும்போது, துகளை எங்கே காணும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தரும் அலைச்சார்பு மாறுவதற்கு நேரமில்லை, அது பழைய வடிவத்திலேயே நிற்கும், அந்தப் பழைய வடிவத்தைப் புதிய பெட்டியின் நிலைகளின் கூட்டலாகப் பிரித்து எழுத வேண்டும் என்ற மூன்றையும் மாணவர் தாமே முடிவு செய்ய வேண்டும். அடுத்த படியைப் பற்றிக் கேட்டால் இன்னும் சுவையான விடை கிடைக்கும்: புதிய பெட்டியின் இரண்டாவது நிலையில் துகளைக் காணும் வாய்ப்பு சரியாக 50 விழுக்காடு. அந்த நிலையின் ஆற்றல் பழைய பெட்டியின் மிகக் குறைந்த ஆற்றலுக்குச் சமம். அப்படியானால் முதல் நிலைக்கு இறங்கிய துகளின் ஆற்றல் எங்கே போயிற்று என்று கேட்டு, மேல்நிலைகளுக்கும் சிறிது வாய்ப்பு இருப்பதால் சராசரி ஆற்றல் மாறவே இல்லை என்று கண்டுபிடிக்கும் மாணவர் அந்த மாலையில் குவாண்டம் இயக்கவியலில் ஓர் அத்தியாயத்தைக் கற்றுவிட்டார். கரும்பலகையில் ஆசிரியர் வருவிப்பதைப் பார்ப்பது, வாசலில் வேறொருவர் கோலம் போடுவதைப் பார்ப்பது போன்றது. ஒவ்வொரு வளைவும் இயல்பாகவே தெரியும், நாமே புள்ளி வைத்து இழையை எங்கே திருப்புவது என்று நிற்கும்போதுதான் தெரியாதது தெரியும்.

சோவியத் ஒன்றியத்தில் கோட்பாட்டு இயற்பியலாளர் லெவ் லாந்தாவ் இதை ஒரு கண்டிப்பான முறையாகவே ஆக்கினார். தம்மிடம் ஆய்வு மாணவராகச் சேர விரும்புகிறவர் ‘கோட்பாட்டுக் குறைந்தபட்சம்’ எனப்பட்ட தேர்வுத் தொடரில் தேற வேண்டும் என்றார். முதல் தேர்வு கணிதம். அடிப்படைச் சார்புகளால் எழுதக்கூடிய எந்தத் தொகையீட்டையும் போடத் தெரிய வேண்டும், வழக்கமான வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரிய வேண்டும், வெக்டர் கணிதமும் டென்சர் கணிதமும் கைவர வேண்டும். அதன்பின் இயக்கவியலில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் கேட்கப்பட்டவை கணக்குகள். தேற்றங்களை ஒப்பிக்கச் சொல்லும் வழக்கம் இல்லை. 1934 முதல் 1961 வரை தேறியவர்கள் 43 பேர். அந்தப் பெயர்ப் பட்டியலை லாந்தாவே வைத்திருந்தார். இவ்வளவு கடுமையான சல்லடை பல்கலைக்கழகக் கல்விக்கு முன்மாதிரியாகாது, பொதுப் பணத்தில் நடக்கும் வகுப்பில் நாற்பது பேரும் தேற வேண்டும் என்று விரும்புவதே முறை. ஆனால் எதைச் சோதிப்பது என்ற அவருடைய தெரிவு சரியானது. தம் மாணவர் லிஃப்ஷிட்ஸுடன் சேர்ந்து அவர் தொடங்கிய பத்துத் தொகுதிப் பாடநூல் வரிசையிலும் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கணக்குகளும் அவற்றின் தீர்வுகளும் நிற்கின்றன. அவற்றைத் தாண்டிப் படித்தவர் அந்த நூலைப் படித்ததாகக் கொள்ள முடியாது.

நம் சூழலில் இது நடக்காததற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. இணைப்புக் கல்லூரி முறையில் பாடம் நடத்துபவர் ஒருவர், வினாத்தாள் தயாரிப்பவர் இன்னொருவர், திருத்துபவர் வேறொருவர். நூற்றுக்கு எழுபத்தைந்து மதிப்பெண் பருவ இறுதித் தேர்வுக்கும் இருபத்தைந்து உள்மதிப்பீட்டுக்கும் என்ற பங்கீட்டில், பாடத்திட்டத்தில் எழுத்துப் பிசகாமல் இருப்பதைக் கேட்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. புதிய கணக்கு ஒன்றைக் கேட்டால் ‘பாடத்திட்டத்துக்கு வெளியே’ என்று புகார் எழும். வாரம் ஒரு கணக்குத்தாள் கொடுத்து, மாணவர் எழுதியதைத் திருத்தி, எங்கே தவறினார் என்று உட்கார்ந்து பேசுவதற்கு ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும். மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள் செய்கிறார்கள். ஐஐடிகளிலும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களிலும் அப்படித்தான். ஆய்வுத் துறை இல்லாத ஒரு மாவட்டக் கல்லூரியில் அதைச் செய்ய யாருமில்லை. ஆகவே ஒரே பாடநூலை ஒரே பாடத்திட்டத்தின்படி படித்த இரண்டு மாணவர்களில், ஒருவர் கணக்குத்தாளோடும் மற்றவர் வழிகாட்டி நூலோடும் வளர்கிறார்கள். பின்னர் நுழைவுத் தேர்வில் தெரியும் இடைவெளி அறிவின் இடைவெளியாகப் பார்க்கப்படுகிறது.

சென்னைக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1928இல் சோமர்ஃபெல்ட் இந்தியா வந்தபோது மாநிலக் கல்லூரியில் உரையாற்றினார். அங்கே இளநிலை மாணவராக இருந்த, பின்னாளில் புகழ்பெற்ற வானியற்பியலாளரான சுப்ரமணியன் சந்திரசேகர், சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலைத் தாமாகவே படித்திருந்தவர், அவரைத் தங்குமிடத்தில் போய்ச் சந்தித்தார். அந்த நூலில் உள்ள குவாண்டம் கோட்பாடு பழையதாகிவிட்டது, அதற்குப் பிறகு எல்லாமே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், உலோகங்களில் எலக்ட்ரான்களின் நடத்தை பற்றிய தம் புதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். எலக்ட்ரான் போன்ற துகள்களின் கூட்டத்துக்குப் பொருந்தும், அதிலிருந்த ஃபெர்மி-டிராக் புள்ளியியலை எந்த வகுப்பிலும் சந்திரசேகருக்கு யாரும் நடத்தவில்லை. அவர் அதை எடுத்து வேறொரு கணக்கில் பொருத்திப் பார்த்தார். எலக்ட்ரான்களில் மோதி எக்ஸ் கதிர் சிதறும் காம்ப்டன் சிதறலைப் பற்றிய அந்தக் கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. படித்ததை ஒப்பிக்காமல் இன்னோர் இடத்தில் போட்டுப் பார்த்ததுதான் அங்கே நடந்த கல்வி.

1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு 19 வயது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களுக்கு அந்தப் புள்ளியியலைப் பொருத்திக் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஃபௌலர் 1926இல் எழுதியிருந்த கோட்பாட்டை அவர் அறிந்திருந்தார். விண்மீனின் மையத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு ஓடுமே, அப்படியானால் சிறப்புச் சார்பியலையும் சேர்க்க வேண்டுமே என்று பயணத்தின்போது கணக்குப் போட்டார். அத்தகைய விண்மீனின் நிறைக்கு ஒரு மேல் எல்லை இருக்கிறது என்ற முடிவு அதிலிருந்து வந்தது. இன்று அது சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று கொள்ளப்படுகிறது. அந்த எல்லைக்கான கோவையில் பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி ஆகிய மூன்றும் புரோட்டானின் நிறையோடு சேர்ந்து நிற்கின்றன. நம் பாடத்திட்டத்தின் மொழியில் சொன்னால், குவாண்டம் புள்ளியியல், சார்பியல், ஈர்ப்பு என்று வெவ்வேறு பருவங்களில் வெவ்வேறு குறியீட்டு எண்களுடன் வரும் மூன்று தாள்கள். அவற்றைத் தனித்தனியே தேறுவது ஒன்று; ஒரே தாளில் சந்திக்க வைப்பது வேறொன்று.

அதே நகரில் 1950களின் இறுதியில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரிலிருந்த தம் வீட்டில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு ஒன்றை நடத்தி வந்தார். சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் மாலைகளில் அங்கே கூடி, வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளைக் கரும்பலகையில் வரிக்கு வரி போட்டுப் பார்த்தார்கள். 1960இல் நீல்ஸ் போர் அங்கே வந்தார். அந்தச் சிறிய குழு அவரைக் கவர்ந்தது. அன்றைய மாநிலக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் ஆதரவோடு 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, விழா நடந்த இடம் மாநிலக் கல்லூரி. அதில் சந்திரசேகரும் பங்கேற்றார். இன்று தரமணியில் இருக்கும் அந்த நிறுவனம் நாட்டின் முக்கியமான கோட்பாட்டு இயற்பியல் மையங்களுள் ஒன்று. சிறிய குழு, கரும்பலகை, வரிக்கு வரி கணக்கு என்ற அந்த மாலை வகுப்பின் முறைக்குப் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய மாணவரின் பாதை தேர்வுகளால் அமைந்தது. இளநிலைக்குப் பின் ‘ஜாம்’ என்ற நுழைவுத் தேர்வை எழுதினால் ஐஐடிகளில் முதுநிலையும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஒருங்கிணைந்த ஆய்வுப் படிப்பும் கிட்டும். முதுநிலைக்குப் பின் ஆய்வுப் படிப்புக்கான ‘ஜெஸ்ட்’, ‘கேட்’, ‘நெட்’ ஆகிய தேர்வுகள். சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் பள்ளிப் படிப்பு முடித்தவருக்கே கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளநிலைப் பட்டத்தைத் தருகிறது. இந்தத் தேர்வுகள் எல்லாமே குறுகிய நேரத்தில் கணக்குகளைத் தீர்க்கச் சொல்பவை. வருவித்தலில் வளர்ந்த மாணவர் ஒரே இரவில் வேறு விளையாட்டுக்குள் தள்ளப்படுகிறார். அந்த இடைவெளியில்தான் பயிற்சி மையங்கள் பிழைக்கின்றன. ஓராண்டு முழுவதும் கட்டணம் கட்டிப் பயிற்சி பெற்று நுழைவதில் தவறில்லை என்றாலும், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உத்தி ஆய்வுக்குப் பயன்படாது.

ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு முதல் ஓராண்டும் பாடங்கள்தான். நான்கு தூண்களும் மூன்றாம் முறையாக, இம்முறை கனமான கணக்குத்தாள்களோடு, வருகின்றன. பிறகு குவாண்டம் புலக்கோட்பாடு, பொதுச் சார்பியல், திண்மப் பொருள்களின் பலதுகள் கோட்பாடு ஆகியவற்றில் தேவையானவை. அதன்பின் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கேதான் பள்ளிக்காலக் கனவுகள் இன்னொரு முறை மாற்றம் அடைகின்றன. இழைக் கோட்பாடும் பேரண்டவியலும் துறையின் ஒரு பகுதி மட்டுமே. மீக்கடத்திகள், காந்தப் பொருள்கள், நுண்துகள்களின் கூட்டம், உயிரணுவுக்குள் நடக்கும் இயக்கம், குவாண்டம் கணிப்பு என்று கோட்பாட்டாளர்கள் வேலை செய்யும் களங்கள் பலவாகும், அவற்றில் பல இடங்களில் கணினிநிரல் எழுதுவதே அன்றாட வேலையின் பெரும்பகுதி. 1991இல் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ‘ஆர்க்சைவ்’ என்ற இணையக் கட்டுரைக் களஞ்சியம் வந்த பிறகு, பிரின்ஸ்டனில் ஒருவர் இன்று எழுதிய கட்டுரையை நாளைக் காலை திருநெல்வேலியில் இலவசமாகப் படிக்கலாம். சந்திரசேகர் ஒரு விருந்தினரின் கையிலிருந்து பெற வேண்டியிருந்த அச்சுப்படி இப்போது எல்லோருக்கும் கிடைக்கிறது. படிக்கக் கிடைப்பது இப்போது தடையே இல்லை.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வுப் படிப்புக்கு ஐந்தாறு ஆண்டுகள்; அதன்பின் இரண்டு மூன்று ஊர்களில், பெரும்பாலும் இரண்டு மூன்று நாடுகளில், தற்காலிக ஆய்வாளர் பணி; முப்பதுகளின் நடுவில்தான் நிலையான பதவி, அதுவும் சிலருக்கு மட்டும். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு இது சிறிய முடிவல்ல. துறையை விட்டு வெளியேறுபவர்கள் தரவுப் பகுப்பாய்வு, நிதி, மென்பொருள், கற்பித்தல் ஆகியவற்றில் நன்றாகவே இருக்கிறார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று கருதும் வழக்கம் துறைக்குள் இன்னும் இருப்பது வருத்தத்துக்குரியது.

இளநிலையின் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இருப்பவருக்கு உடனடியாகப் பயன்படக்கூடியவை இரண்டு. சென்னை ஐஐடியில் வி. பாலகிருஷ்ணன் நடத்திய செவ்வியல் இயற்பியல், குவாண்டம் இயற்பியல் விரிவுரைகள் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்திலும் யூடியூபிலும் முழுமையாக இருக்கின்றன; அடுத்த வரியை அவர் எழுதும் முன் காணொளியை நிறுத்திவிட்டு அந்த வரியைத் தாமே எழுத முயல்பவருக்கு அவை வகுப்பாகும், மற்றவர்களுக்கு நல்ல நிகழ்ச்சியாகும். மற்றொன்று, மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டமும் ஆய்வு நிறுவனங்கள் தாமே நடத்தும் இத்தகைய திட்டங்களும். கோடை இரண்டு மாதங்களுக்கு ஓர் ஆய்வாளரிடம் போய்ச் சேரும் மாணவருக்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் உடனே கொடுக்கப்படுவதில்லை. ஒரு பாடநூலின் இரண்டு அத்தியாயங்களைக் குறித்துக் கொடுத்து, கணக்குகளைப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் வந்து கரும்பலகையில் காட்டும்படி சொல்வார்கள். பல மாணவர்களுக்குத் தாம் எழுதிய ஒரு வரியை இன்னொருவர் நிறுத்தி, இது ஏன் என்று கேட்பது அங்கேதான் முதல் முறையாக நடக்கிறது.